மூன்று விளக்கும் பச்சை

அப்போது நான் ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி வாணியம்பாடி, இன்னொருத்தி திருவண்ணாமலை. நான் ஆம்பூர். மூன்று பேரும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடி ரயிலேறி வந்தவர்கள். என் ஆபீஸ் கோரமங்களாவில், வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. காலையில் போகும்போது இரண்டு பக்கமும் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும். செங்கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பட்டன் வைத்த செல்போனில் கலர் ஸ்கிரீன் வந்ததே அன்றைக்குப் பெரிய விஷயம்.

எங்கள் கம்பெனி அந்தச் சின்ன ஸ்கிரீனுக்கு கேம் செய்து கொடுத்தது. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வீட்டின் முதல் மாடி, மொத்தம் பதினான்கு பேர். ஹாலில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பெட்ரூம்தான் மீட்டிங் ரூம். சமையலறை மேடையில் ஒரு பக்கம் டீ பிளாஸ்க், இன்னொரு பக்கம் சர்வர். மின்சாரம் போனால் யூபிஎஸ் கத்தும், உடனே எல்லோரும் கத்துவோம்: "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க!"

செல்போனுக்கு கேம் செய்தோமே தவிர, செல்போனைக் கையில் தொட்டுப் பார்ப்பது அபூர்வம். ஆபீசுக்கே இரண்டு போன்கள்தான். அதில் ஒன்று எப்போதும் ஏதாவது ஊருக்கு கூரியரில் போயிருக்கும். மற்றபடி எங்களுக்கு எல்லாமே எமுலேட்டர்தான். கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் ஒரு போனின் படம் வரும். அதன் பட்டன்களை மவுஸால் அழுத்தினால், அந்தப் படத்துக்குள் இருக்கும் குட்டி ஸ்கிரீனில் நம் கேம் ஓடும். நிஜ போனில் எப்படித் தெரியுமோ அப்படியே இதிலும் தெரியும் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தினமும் ஒரு தடவையாவது உடையும். எமுலேட்டரைத் திறந்தால் ஸ்கிரீனில் வருவதற்கே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வந்ததும் சில நாள் குட்டி ஸ்கிரீன் வெறும் வெள்ளையாக நிற்கும். சில நாள் பாதிப் படம் மட்டும் வந்து மீதி கறுப்பாக இருக்கும். சில நாள் நேற்றைய கேமின் மிச்சம் இன்றைய கேமின் மேல் பிசிறு பிசிறாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் புரோகிராமில் தப்பைத் தேடித் தேடிக் களைத்துப்போன பிறகு, தப்பு புரோகிராமிலேயே இல்லை, ஸ்கிரீனுக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது என்று தெரியவரும்.

அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவர் எங்கள் டெஸ்டர். நாங்கள் செய்கிற கேமை ஓட்டிப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அந்த ஊரிலேயே, மர்பி டவுன் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வாயைத் திறந்தால் தமிழ், கன்னடம், உருது மூன்றும் கலந்து வரும்.

"ஸ்கிரீன் வெள்ளையா நின்னுடுச்சாமா? டென்ஷன் ஆவாத. ஸ்வல்ப தள்ளிக்கோ" என்று கொஞ்சம் நகரச் சொல்லி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே மவுஸை வாங்குவார். டிஸ்ப்ளே செட்டிங்கில் போய், கிராபிக்ஸ் கார்டின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழை இடப்பக்கம் கொஞ்சம் இழுப்பார். எமுலேட்டரை மூடித் திறப்பார். படம் வந்துவிடும்.

"எப்படிண்ணா?"

"உன் கார்டு ஓவரா ஹெல்ப் பண்ணுது. பண்ணாதேன்னு சொன்னேன், அவ்ளோதான்."

எந்த கம்ப்யூட்டரில் என்ன தொல்லை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்கள் அடிக்கடி அவரைத்தான் நம்பியிருந்தோம். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு அவ்வளவு கோபத்தை உண்டாக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஓர் ஆட்டோ ஓட்டும் கேம். ஊர்ச் சாலையில் ஆட்டோவை ஓட்டிப் போக வேண்டும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும், பச்சை விழுந்தால் போகலாம். குழி, மாடு, பஸ் எல்லாம் குறுக்கே வரும். புரோகிராம் இரண்டு பேர் எழுதினார்கள். அதில் நானும் ஒருத்தி. படம் வரைய ஆள் இல்லாததால் படங்களையும் நானே வரைந்தேன். புள்ளி புள்ளியாக வைத்து வரைவது. சிக்னல் கம்பத்தின் அகலம் மொத்தமே எட்டுப் புள்ளி. அதற்குள் மூன்று விளக்குகள். அதை வரைய எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆட்டோவின் மஞ்சள் கூரைக்கு இன்னொரு நாள். ஆம்பூரில் அம்மாவுக்கு போன் செய்து, "நான் வரைஞ்ச ஆட்டோம்மா, போன்ல ஓடப் போவுது" என்று சொன்னேன். அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "பார்த்து ஓட்டு" என்றாள்.

அண்ணா அந்த கேமை ஒரு வாரம் ஓட்டினார். ஆபீசில் அவர் எடுத்த ஸ்கோரை யாராலும் தொட முடியவில்லை. ஒரு தடவைகூட சிவப்பில் தாண்ட மாட்டார். பதினேழு குறைகள் எழுதிக் கொடுத்தார். மாடு பஸ்ஸுக்குள் புகுந்து போகிறது, குழிக்கு மேல் ஸ்கோர் எழுத்து விழுகிறது என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் சரி செய்தோம். கடைசியில் அவர் அனுப்பிய ரிப்போர்ட்டில் "டிஸ்ப்ளே: சரியாக உள்ளது" என்று இருந்தது.

கேமை வாங்கப் போகிற கம்பெனியிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். ரிங்டோன், கேம் எல்லாம் போனுக்கு விற்கிறவர்கள். நிஜ போன்கள் இரண்டுமே அன்று வெளியூரில் இருந்தன. மீட்டிங் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் எமுலேட்டரைத் திறந்துவைத்தார் எங்கள் மேனேஜர். அவர் மைசூர்க்காரர், கன்னடமும் அரைகுறைத் தமிழும் பேசுவார். நான் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றேன்.

கேம் திறந்தது. ஆட்டோவின் கூரை கிளிப்பச்சையாக இருந்தது.

வந்த ஆண் சிரித்தபடி, "காஸ் ஆட்டோவா?" என்றார். அங்கே காஸில் ஓடும் ஆட்டோக்களுக்குத்தான் பச்சை நிறம். நானும் சிரிக்க முயன்றேன். நான் வரைந்தது மஞ்சள் கூரை. ஆட்டோ சிக்னலை நெருங்கியது. மேல் விளக்கு எரிந்தது. அது சிவப்பாக இல்லை. அழுகின வாழை இலை மாதிரி ஒரு பச்சை. அடுத்து நடு விளக்கு. அது கிளிப்பச்சை. அதற்கடுத்து கீழ் விளக்கு. கரும்பச்சை.

அந்தப் பெண் ஸ்கிரீனுக்கு அருகில் குனிந்து பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்துக் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்: "கெம்பு எல்லிதே?"

சிவப்பு எங்கே என்று கேட்கிறார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். டீ குடித்தார்கள். சரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு சாத்தியதும் மேனேஜர் ஹாலுக்கு வந்தார்.

"ஏன்மா, சிக்னல் கேம் பண்ணிட்டு சிக்னல்ல கெம்பே இல்லேன்னா எப்படிம்மா? பழைய ஃபைல் குடுத்துட்டியா?"

"இல்ல சார், என் மெஷின்ல பாருங்க."

என் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன். சிவப்பு சிவப்பாக இருந்தது. மஞ்சள் மஞ்சளாக இருந்தது. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு அண்ணாவின் மேஜைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் ஸ்கிரீனிலும் கேம் திறந்திருந்தது. அதிலும் அதே மூன்று பச்சை.

ஒரு வாரம் முழுக்க அவர் இந்த ஸ்கிரீனில்தான் ஓட்டியிருக்கிறார். பதினேழு குறை எழுதியிருக்கிறார். இதை எழுதவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் வெடித்துவிட்டேன்.

"ஒரு வாரமா இதத்தான பாத்தீங்க? மூணும் பச்சையா இருக்குது. கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?"

அண்ணா என்னைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் கோபம் தீர்ந்து, வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு யாரிடமும் அப்படிப் பேசியிருக்க மாட்டேன், அவரிடம் நண்பர் என்ற உரிமையில் பேசிவிட்டேன். அதுதான் என்னைக் குடைந்தது. வாணியம்பாடிக்காரியிடம் சொன்னேன். "நாளைக்குப் போய் சாரி சொல்லிடு" என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். தண்ணீர் வரும் நாள்.

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே அவர் வந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "மாடிக்கு வாம்மா, ஒரு விஷயம்" என்றார்.

மொட்டை மாடியில் வீட்டுக்காரரின் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம்.

"நீ சொன்னது பாதி கரெக்ட்" என்றார். "கண்ணு அவியல. ஆனா எனக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது. பொறப்புலேருந்தே."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "சிவப்பே தெரியாதாண்ணா?"

"ஏதோ ஒண்ணு தெரியுது. அது சிவப்பான்னு கேட்டா சொல்ல முடியாது. எங்கப்பா ரயில்வே ஷெட்ல என்ஜின் கழுவுறவரு. புள்ள என்ஜின் ஓட்டணும்னு அவருக்கு ஆச. எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன். மெடிக்கல்ல ஒரு புக் காட்டுனாங்க. புள்ளி புள்ளியா இருக்கும், உள்ள நம்பர் இருக்குதாம். எனக்கு ஒரு நம்பரும் தெரியல. அங்கதான் தெரிஞ்சுது எனக்கே."

"அப்ப சிக்னல் கேம்ல ஒரு தடவகூட…"

"மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். ரோட்லயும் அப்படித்தான் ஸ்கூட்டர் ஓட்டுறேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. "என்ன மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். அழுதுவிட்டேன்.

"அட பேடாமா, வேணாம் விடு. நீ திட்டுனதுக்கு நான் போகல. மேனேஜர் கேட்டா இன்னா சொல்றதுன்னு தெரியாம போனேன். கண்ணால பாத்து செய்ற வேல இது. கலர் தெரியாதவன்னு தெரிஞ்சா வெச்சிக்குவாங்களா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன செய்யலாம்?" என்றேன்.

"மொதல்ல சிவப்பு எங்க போச்சுன்னு பாக்கலாம். வா."

அன்று மதியம் வரை அவர் மேஜையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் தனியாகத் தேடியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். படத்தை மாற்றி மாற்றி வரைந்து, சிவப்பை இன்னும் அடர்த்தியாக்கி, கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். அவர் கண்ணை நம்புவதே இல்லை. ஸ்கிரீனில் உள்ள ஒரு புள்ளியைப் பெரிதாக்கி, அதன் நிறத்தை எண்ணாகக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார். எந்த நிறத்துக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. இத்தனை நாளும் அதை வைத்துத்தான் சமாளித்திருக்கிறார். இந்த கேமில் மட்டும், விளக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தே ஓட்ட முடிந்ததால், எண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

"உன் ஃபைல்ல மேல் விளக்குக்கு இன்னா நம்பர்?"

"சிவப்பு இருநூத்தி அம்பத்தஞ்சு. பச்சை சைபர். நீலம் சைபர்."

அவர் மவுஸை எமுலேட்டரில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் மேல் வைத்தார். சிவப்பு நூற்று இருபத்து மூன்று. பச்சை நூற்று முப்பது. நீலம் சைபர்.

"பாத்தியா? சிவப்புல பாதிய காணோம். அது பக்கத்துல பச்சைக்குள்ள போயி உக்காந்திருக்கு."

மஞ்சளுக்கும் அப்படியே பார்த்தோம். அதிலும் சிவப்பு பாதி குறைந்திருந்தது. எல்லாமே ஏதோ ஓர் இடம் நகர்ந்தது போல இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்குப் பொறி தட்டியது. ஒரு நிறத்துக்கு ஐந்து பிட், அதாவது ஐந்து இடம் வீதம் பதினைந்து இடங்களில் எமுலேட்டர் எழுதி அனுப்புகிறது. இந்தப் பழைய கம்ப்யூட்டரின் கார்டோ பச்சைக்கு மட்டும் ஆறு இடம் வைத்து, மொத்தம் பதினாறு இடமாக வாசிக்கிறது. அதனால் சிவப்பின் கடைசிப் பகுதி பச்சையின் இடத்தில் போய் விழுகிறது. என்னுடையது புதிய கம்ப்யூட்டர், முப்பத்திரண்டு இட நிறத்தில் ஓடுகிறது. அதில் இந்தக் குழப்பமே வராது. நான் வரைந்த படத்திலும் தப்பில்லை, எழுதிய புரோகிராமிலும் தப்பில்லை.

டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து பதினாறை முப்பத்திரண்டாக மாற்றினார். ஸ்கிரீன் ஒரு நொடி இருண்டு திரும்பி வந்தது. எமுலேட்டரை மூடித் திறந்தோம். ஆட்டோ வந்தது, மஞ்சள் கூரையோடு. சிக்னலை நெருங்கியது. மேல் விளக்கு எரிந்தது. நல்ல சிவப்பு.

அவர் ஸ்கிரீனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணா."

அப்புறம் மவுஸை வைத்து எண்ணைப் பார்த்தார். இருநூற்று ஐம்பத்தைந்து. "ம், வந்துடுச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மீட்டிங் ரூம் கம்ப்யூட்டர் இன்னும் பழையது. அதில் முப்பத்திரண்டுக்கு மாற்றினால் கார்டு தாங்கவில்லை. ஸ்கிரீனின் அளவைக் குறைத்துக் குறைத்து வைத்து ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரே மேனேஜரிடம் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தோம் என்று முதலில் சொன்னார். மேனேஜர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணா நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு சார். ஒரு வாரமா நான் ஏன் கவனிக்கலைன்னு நீங்க கேப்பீங்க" என்று சொல்லி, மாடியில் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார்.

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "வேலைக்குச் சேரும்போதே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?"

மேனேஜர் நல்லவர்தான், கொடுத்திருப்பேன் என்று பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "கலர் செக் மட்டும் நீ பண்ணும்மா. மத்ததெல்லாம் அவரே பண்ணட்டும்" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் அண்ணா ஒரு பெரிய மூச்சு விட்டார். அன்று அவர் எல்லோருக்கும் நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஹோட்டலிலிருந்து கேசரி பாத் வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சும்மா" என்றார்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்காரர்கள் திரும்ப வந்து கேமைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் சிக்னலைக் காட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதன் பிறகு நான் வரைகிற எதையும் முதலில் அண்ணாவிடம் காட்டுவது வழக்கமாயிற்று. அடுத்து ஒரு பழக் கேம் செய்தோம். ஒரே பழத்தை மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். தக்காளியையும் கொய்யாவையும் நான் ஒரே மாதிரி உருண்டையாக வரைந்திருந்தேன், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவர் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாமே தக்காளிமா" என்றார். நான் கொய்யாவுக்கு ஒரு காம்பும் இலையும் வைத்தேன். தக்காளியை அகலமாக்கினேன். "இப்ப தெரியுது. எங்க ஏரியாவுலேயே என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேரு இருக்கானுங்க. அவனுங்களும் ஆடலாம்" என்றார். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றும் ஏதாவது ஒரு படத்தில் நிறம் மட்டும்தான் வித்தியாசம் என்றால் என் கை தானாக ஒரு கோடோ புள்ளியோ சேர்க்கும்.

அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கேஜிஎஃப். நிச்சயத்துக்கு முந்தின வாரம் டீ குடிக்கும்போது கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டுமாமா? எங்கம்மா வேணாம்ங்கிறாங்க. புள்ளைங்களுக்கு வரும்னு பயந்துடுவாங்களாம்."

"சொல்லிடுங்கண்ணா" என்றேன். "அப்புறமா தெரிஞ்சா என்னை மாதிரி திட்டிடப் போறாங்க."

சொல்லிவிட்டார். போனில்தான். மறுநாள் ஆபீசுக்குச் சிரித்த முகமாக வந்தார். அந்தப் பெண் கேட்டாளாம்: "அப்ப முகூர்த்தப் பொடவ நானே பாத்து எடுத்துக்கலாமா? நீங்க கூட வந்து பையத் தூக்குனா போதும்."

அல்சூரில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். ஆபீசே போயிருந்தோம். வரிசையில் நின்று மேடைக்குப் போனபோது அண்ணா என்னை அறிமுகம் செய்யும் முன்பே அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டுனது நீங்கதான?" என்றாள். மூன்று பேருமே சிரித்ததில் போட்டோக்காரர் எங்களை அதட்ட வேண்டியதாயிற்று. அவள் கட்டியிருந்தது மயில் நீலப் புடவை. அவருக்குக் குழப்பம் சிவப்பிலும் பச்சையிலும்தான், அந்த நீலத்தை அவராலும் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

டச் போன்கள் வந்து பட்டன் போன்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது எங்கள் கம்பெனியும் மூடியது. நான் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீசில் சேர்ந்தேன். அண்ணா ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். இரண்டு பெண் குழந்தைகள். இருவருக்கும் நிறம் நன்றாகத் தெரிகிறது என்று ஒருமுறை போனில் சொன்னார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார் என்று புரிந்தது. சொல்லி முடித்ததும், நம்ம பழைய ஆபீஸ் பக்கம் போனேன், அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், இப்போது கீழே கார் நிறுத்த இடம் விட்டு நான்கு மாடி நிற்கிறது என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்த ஹால் எந்த மாடியில் வரும் என்று இருவரும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.